காணாமற் போன பட்டியும் காவாதிருந்த தமிழரும்

மாடு அடைக்கும் பட்டிக்கு வேலி வேண்டும். வேலிக்குக் காவல் வேண்டும். காவலற்ற பட்டியில் மாலையில் அடைத்த மாடு காலையில் இராது. இஃது உழவன் ஒவ்வொருவனும் அறிந்தது. கணிப்பொறித் திரையில் விரியும் பட்டிக்கும் இவ்வுண்மை அப்படியே பொருந்தும் என்பதைத்தான் கற்ற தமிழன் இன்னும் அறிந்திலன்!

‘மெனு’ என்று பலரும் நாக்கூசாமற் சொல்லி வருவதற்குத் தமிழ்க் கணிப்பொறியாளர் வைத்த பெயர் பட்டி. திரையின் மேலோரத்திலோ கீழோரத்திலோ ஒரு சொல்லைத் தட்டியதும் வரிசையாக விரிகின்ற ஏவற்சொற்களின் தொகுப்பே அது. கோப்பு, தொகு, பார்வை, உதவி என்று தமிழிலேயே அச்சொற்கள் விரிவதைக் கண்ட தமிழன் எவனும் முதன்முறை நெஞ்சு நிமிர்ந்திருப்பான். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத தாயும் தந்தையும் கணிப்பொறியை ஏவலாம் என்பதற்கு அந்தப் பட்டியே வாயில்.

அத்தகைய பட்டியைக் கொண்ட இலினக்சு இயங்குதளத்தை ஒருவர் ஒருநாள் இரவு புதிய பதிப்புக்கு மேம்படுத்துகிறார். காலையில் திறந்து பார்க்கிறார். பட்டியைக் காணவில்லை! அல்லது, பட்டி இருக்கிறது. அதிலிருந்த தமிழைக் காணவில்லை!

முதலிற் சொன்ன இழப்பு உலகத்தார் பலருக்கும் நேர்ந்தது. அவர்கள் அதனை மீட்டுக்கொண்டனர். இரண்டாவதாகச் சொன்ன இழப்பு தமிழர்க்கு மேம்படுத்துந்தோறும் நேர்கின்றது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைத் தவிரத் தமிழர் எவரும் அதனை மீட்க எழுந்திலர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றிக் குற்றம் யாருடையது என்பது விளங்காது.

உலகத்தார் இழந்ததும் மீட்டதும்

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஏவி ஆளும் அடிப்படை மென்பொருள். அவற்றுள் இலினக்சு கட்டற்றது. அதன் கருவை 1991-இல் எழுதத் தொடங்கியவர் இலினசு தோர்வால்ட்சு என்னும் பின்லாந்து மாணவர். அக்கருவின் மேல், மாந்தர் கண்ணாற் கண்டு கையாளும் திரைமுகப்பு ஒன்று வேண்டும். அவ்வகை முகப்புகளுள் ஒன்று குனோம். 1997-இல் மெக்சிக்கோ நாட்டினர் இருவர் அதனைத் தொடங்கினர். அதன் இரண்டாம் பெரும் பதிப்பு 2002-இல் வெளிவந்தது. அம்முகப்பின் மேலோரத்தில் மூன்று பட்டிகள் இருந்தன: பயன்பாடுகள், இடங்கள், அமைப்பு. பல ஆண்டுகள் உலகெங்கும் மக்கள் கை அந்த மூன்றையே பழகியிருந்தது.

2011 ஏப்பிரல் 6-ஆம் நாள் குனோம் 3 வெளிவந்தது. மூன்று பட்டிகளும் அதில் இல்லை. வேண்டும் நிரலைத் தேடியோ படவடிவங்களின் வரிசையைப் பார்த்தோதான் திறக்க வேண்டும் என்றாயிற்று. அதே ஏப்பிரல் 28-இல் வந்த உபுண்டு 11.04 பதிப்பு, யூனிட்டி என்னும் தன் முகப்பை எல்லார் திரையிலும் முதல் முகப்பாக ஏற்றியது. அதில் ஒவ்வொரு நிரலின் பட்டியும் மேலோரப் பட்டையினுள் மறைந்து கிடந்தது. சுட்டியை அங்குக் கொண்டு சென்றால்தான் தலைகாட்டும். ‘பட்டி போயிற்று, பட்டி போயிற்று’ என்று பல்லாயிரவர் கூக்குரலிட்டனர். 11.04-இல் உள்நுழையும்போது பழைய முகப்பைத் தெரிந்தெடுக்க வழியேனும் இருந்தது. அவ்வாண்டு அத்தோபரில் வந்த 11.10 பதிப்பில் பழைய குனோம் 2 முகப்பே இல்லை. இலினக்சைத் தந்த தோர்வால்ட்சே அவ்வாண்டில் குனோம் 3-ஐ வெளிப்படையாகக் கடிந்துரைத்து வேறொரு முகப்புக்கு மாறினார் என்றால், மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டுவதின்று.

ஆயின், அவர்கள் கூக்குரலோடு நின்றாரல்லர். ஈண்டுத்தான் தமிழர் கற்க வேண்டிய பாடம் உள்ளது.

அர்கெந்தீனா நாட்டவர் ஒருவர். பெரிய நிறுவனத்தின் தலைவர் அல்லர். இலினக்சைப் பயன்படுத்திய ஒரு பயனர். கைவிடப்பட்ட குனோம் 2-இன் நிரல் முழுவதையும் 2011-இல் அவர் எடுத்தார். எடுக்க அவருக்கு உரிமை இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983-இல் தொடங்கிய இரிச்சர்டு சுடால்மன் வகுத்த உரிமைகள் நான்கு: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே புகுந்து படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. விண்ணப்பம் எழுத வேண்டுவதில்லை. அவர் எடுத்தார், செப்பனிட்டார், உலகுக்குத் தந்தார். பலர் உடன்வந்து தோள்கொடுத்தனர்.

இதில் ஓர் இடர் இருந்தது. பழைய குனோமும் புதிய குனோமும் ஒரே பெயருடைய நிரல்களைக் கொண்டிருந்தமையால் இரண்டும் ஒரே கணிப்பொறியில் மோதிக்கொள்ளும். ஆகலின் எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. சூட்டிய பெயர்களைப் பாருங்கள்! முகப்புக்கு மாட்டே என்று பெயர். அது தென்னமெரிக்க மக்கள் நாள்தோறும் பருகும் இலைநீரின் பெயர். கோப்புகளை ஆளும் நிரலுக்குக் காஃகா; எசுப்பானிய மொழியில் பெட்டி என்று பொருள். எழுதும் நிரலுக்குப் புளூமா. இறகும் இறகெழுதுகோலும் ஆகும். நூல் காட்டும் நிரலுக்கு அத்திரில். நூல்தாங்கி என்று பொருள். சாளரங்களை ஆளும் நிரலுக்கு மார்க்கோ. சட்டம் என்று பொருள். பட்டியைத் திருத்தும் நிரலுக்கு முன்பு ‘அலகார்ட்டு’ என்று பிரெஞ்சு உணவுவிடுதித் தொடர் ஒன்று பெயராயிருந்தது. அதனை நீக்கி அவர்கள் வைத்த பெயர் மோசோ. எசுப்பானியத்தில் உணவு பரிமாறும் ஏவலாள் என்று பொருள்!

தமிழர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். அந்த அர்கெந்தீனர் ஆங்கிலம் அறியாதவரா? நிரல்மொழிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால் ஆனவையாயிற்றே, அவற்றையே கையாண்டவராயிற்றே! ஆயினும் தம் கைப்படைப்புக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோது தம் தாய்மொழிச் சொற்களையே வைத்தார். ‘உலகத்தார்க்கு விளங்காதே’ என்று ஒடுங்கவில்லை. ‘ஆங்கிலத்தில் வைத்தாலன்றிப் பரவாதே’ என்று நடுங்கவில்லை. இன்று செருமானியனும் சப்பானியனும் தமிழனும் தம் திரையில் காஃகாவைத் திறக்கின்றனர், புளூமாவில் எழுதுகின்றனர். விளங்காத சொல் என்று எவரும் அதனை விலக்கவில்லை. பெயர் பரவுவது பொருளின் ஆற்றலால். ஆங்கிலத்தின் அருளால் அன்று!

மீட்பு அத்துடன் நிற்கவில்லை. எடுத்தெறிந்தவர்களே இறங்கி வர நேர்ந்தது. 2013 மார்ச்சில் வந்த குனோம் 3.8, பயன்பாடுகள், இடங்கள் என்னும் பட்டிகளைக் கொண்ட பழமுறை முகப்பொன்றை வேண்டுவோர்க்கு உடன் வைத்தது. 2015-இல் மாட்டே முகப்பைக் கொண்ட உபுண்டு வகை, உபுண்டுவின் ஏற்புப் பெற்ற வகைகளுள் ஒன்றாயிற்று. 2017 ஏப்பிரல் 5-ஆம் நாள் உபுண்டுவின் தலைவர் மார்க்கு சட்டில்வொர்த்து யூனிட்டியைக் கைவிடுவதாகத் தாமே அறிவித்தார். கெஞ்சியவர்க்கு இது கிடைத்ததில்லை. எடுத்துச் செய்தவர்க்குக் கிடைத்தது.

தமிழ்ப் பட்டி தேய்வது எங்ஙனம்?

இனித் தமிழர் இழப்புக்கு வருவோர் முதலில் அறிய வேண்டுவது, தமிழை எந்தப் பகைவனும் இரவோடிரவாக வந்து அழித்துச் செல்லவில்லை என்பது. தமிழ் தானாகத் தேய்கிறது. தேயும் வகை இது.

இலினக்சில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சிறு பதிவுக்கோப்பு உண்டு. நிரலின் பெயர் என்ன, அது பட்டியின் எந்தப் பிரிவில் அமைய வேண்டும், எந்தப் படவடிவம் அதற்குரியது என்பன அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். முதலில் ஆங்கிலப் பெயர். அதன்கீழ் மொழிக்கொரு வரி. தமிழ்வரி இருந்தால் பட்டியில் தமிழ் தோன்றும். இல்லையேல் எவரையும் கேளாமல் ஆங்கிலம் தோன்றும். தமிழ் இல்லாத இடத்தில் வெற்றிடம் தோன்றுவதில்லை, குறையொன்று உள்ளதென்று எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை. ஆங்கிலம் ஓசையின்றி வந்து அமர்ந்துகொள்கிறது. ஆளற்ற வீட்டில் அயலான் குடிபுகுவதும் இங்ஙனமே அன்றோ?

நிரலினுள்ளே விரியும் பட்டிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அங்கு ஆங்கிலத் தொடரும் அதற்கு நேரான தமிழ்த் தொடரும் இணையிணையாக ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்கும. புதிய பதிப்பில் ஆங்கிலத் தொடர் சிறிது மாறினால், பழைய தமிழ்த் தொடரைக் கருவி எடுத்து வைத்து, அதன் தலையில் ‘ஐயத்திற்குரியது’ என்று ஒரு குறி இடும். மொழியறிந்த ஒருவர் வந்து பார்த்து, ‘சரி’ என்று அக்குறியை நீக்கும் வரையில் அந்தத் தமிழ்த் தொடர் திரைக்கு வாராது. மாற்றம் பெரிதாயிருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆங்கிலத் தொடரின் இறுதியில் மூன்று புள்ளி கூடினாற் போதும். ஓர் எழுத்துப் பெரிதானாற் போதும். பல்லாண்டு காலம் பேரரசுகளின் படையெடுப்புகளுக்குத் தாக்குப்பிடித்த மொழி, காவலின்மையால் மூன்று புள்ளிகளிடம் தோற்கிறது!

குனோம் ஆண்டுக்கு இரு முறை புதுப்பதிப்பு வெளியிடுகிறது. உபுண்டுவும் அவ்வாறே. ஆண்டுக்கு இரு முறை தொடர்கள் கூடும், குறையும், மாறும். இரு முறையும் காவலிருந்த மொழி முழுமையாக நிற்கும். காவலற்ற மொழி கரையும். முதற் பதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு தமிழாயிருந்த பட்டியை அப்படியே விட்டுவிட்டால், சில பதிப்புகளிற் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் இளித்துக்கொண்டு நிற்கும். கோப்பு என்பது தமிழில். அதன்கீழ் விரிவன ஆங்கிலத்தில். மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது எந்தக் கலப்பை எதிர்த்தோ, அந்த மணிப்பிரவாளம் இன்று திரையில் பட்டியாக விரிகிறது. அன்று கலந்தது வடமொழி. இன்று கலப்பது ஆங்கிலம். அன்றேனும் கலந்தவர் வேண்டுமென்றே கலந்தனர். இன்றோ தமிழர் தம் சோம்பலாற் கலக்கின்றனர்!

இஃது யாருடைய வஞ்சனை? குனோம் திட்டத்தார் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னர்த் தொடர்களை இனி மாற்றுவதில்லை என்று ஒரு நாள் குறித்துவிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் பணியை முடிக்கட்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. வாயில் திறந்தே இருக்கிறது. செருமானியர் வருகின்றனர். எசுப்பானியர் வருகின்றனர். தமிழரோ பெரும்பாலும் வருவதில்லை. வந்து உழைத்த தன்னார்வலர் சிலர் ஆண்டுக்கணக்கில் தனித்துநின்று, உதவிக்கு ஆளின்றிக் களைத்தனர். அவர்களுக்கு மாலையிட்டவர் உண்டா? அவர்கள் செய்த பணி எதுவென்று கேட்டவரேனும் உண்டா?

மறுப்பார் கூற்றுகளும் அவற்றின் பொருளின்மையும்

‘ஆங்கிலப் பட்டியே எளிதாயிருக்கிறது, தமிழ்ச் சொற்கள் கடுமையாயிருக்கின்றன’ என்பார் சிலர். எவருக்கு எளிது? முப்பது ஆண்டு ஆங்கிலப் பட்டியையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எளிது. பழக்கத்தை எளிமை என்று மயங்குவது அறிவுடைமையாகாது. மாட்டே முகப்பைப் பயன்படுத்தும் தமிழன் காஃகா என்னும் எசுப்பானியச் சொல்லை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டான். கோப்பாளர் என்னும் தமிழ்ச் சொல் மட்டும் அவனுக்குக் கடுமையாயிற்றாம்! அயலான் சொல்லாயின் பெயர். தன் சொல்லாயின் சுமை. இத்தகைய அடிமையுள்ளத்தை எந்த இயங்குதளத்தாலும் மேம்படுத்த இயலாது.

‘ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டாற் போதாதா? பைல், எடிட், வியூ என்று போடலாமே’ என்பார் வேறு சிலர். அவர்தம் கூற்றுப்படி, ஆங்கிலேயனுக்கு வேட்டி கட்டிவிட்டால் அவன் தமிழனாகிவிடுவான்! ஆங்கிலம் அறிந்தவனுக்கு அது வேண்டுவதில்லை. அறியாதவனுக்கு அது விளங்குவதில்லை. யாருக்காக அந்தப் பட்டி? ‘தொகு’ என்றால் தொகுக்கும் வினை என்று ஊர்ப்புறத்துச் சிறுவனும் உணர்வான். ‘எடிட்’ என்று தமிழெழுத்தில் எழுதினால் அவன் உணர்வது என்ன? எழுத்து தமிழாயிருப்பது தமிழாகாது. பொருள் தமிழன் உள்ளத்தில் தைப்பதே தமிழ்.

‘அரசு செய்யும்’ என்பார் மூன்றாம் வகையினர். இந்திய அரசின் நடுவம் ஒன்று சென்னையிலேயே அமைந்து, இலினக்சின் அடிப்படையில் ஓர் இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளையும் அதில் அமைத்தது. அத்தொண்டைக் குறைத்துச் சொல்வது முறையன்று. ஆயின் அதற்குச் சூட்டிய பெயரைப் பாருங்கள்: பாரத் ஆப்பரேட்டிங் சிசுட்டம் சொல்யூசன்சு! தலை வடமொழி, உடல் ஆங்கிலம், பிறந்த இடம் தமிழ்நாட்டின் தலைநகர்! அர்கெந்தீனத்துத் தனியொருவர் தம் முகப்பின் உறுப்புகள் பலவற்றுக்கும் தாய்மொழிப் பெயர் வைத்தார். சென்னையில் நடுவமே அமைத்து ஆக்கிய பொருளுக்குத் தமிழில் ஒரு பெயரேனும் வாய்க்கவில்லை. அரசைப் பார்த்திருப்பவர் எதிர்பார்க்கத்தக்கது எது என்பதற்கு இப்பெயரே சான்று.

இன்னொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. இலினக்சு தமிழை அடையாளம் காண்பது ஈரெழுத்துக் குறியீட்டால். அக்குறியீட்டுக்குப் பின்னால் நாட்டின் ஒட்டு ஒன்று வரும். அடிப்படை நூலகத்தில் தமிழுக்கு உள்ள ஒட்டுகள் இரண்டு: ஒன்று இந்தியா, மற்றொன்று இலங்கை. தமிழ்நாடு என்றோ தமிழீழம் என்றோ ஒட்டு இல்லை. நாடற்ற இனத்தின் மொழி பிறநாட்டுப் பெயரை வாலாகத் தாங்கியே கணிப்பொறிக்குள் புக வேண்டியிருக்கிறது. ஆயினும் ஓர் உண்மையை மறத்தல் கூடாது. அந்த இரண்டு ஒட்டுகளும் தேடிச் செல்வது ஒரே தமிழ்ச் சொற்கோப்பைத்தான். ஒட்டு எவனுடையதாயினும் ஆகுக, சொல் தமிழனுடையது. யாழ்ப்பாணத்தான் திருத்திய சொல் மதுரையான் திரையில் விரியும். மதுரையான் ஆக்கிய சொல் மட்டக்களப்பான் திரையில் விரியும். எல்லைக்கோடு கிழித்தவர்களால் இந்த ஒற்றுமையைக் கிழிக்க இயலவில்லை. அத்தகைய ஒரு களத்தையே தமிழர் ஆளின்றிப் போட்டு வைத்துள்ளனர்!

இழந்ததைத் தேடும் முறை

பட்டி போயிற்றென்று புலம்புவதால் பயனில்லை. போன இடம் எதுவென்று தேடத் தெரிய வேண்டும். கணிப்பொறி பழுதாயிற்றென்று கூலிகொடுத்து ஆளழைப்பவரும், இலினக்சே வேண்டாமென்று விலைகொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு ஓடுபவரும், தேடாமலே தோற்பவர்கள்.

தேடும் முதற்படி, அதே கணிப்பொறியில் புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து உள்நுழைந்து பார்ப்பது. அங்குப் பட்டி இருக்குமாயின் இயங்குதளம் குற்றமற்றது. பழைய பயனரின் சொந்த அமைப்புகளே இடர் செய்கின்றன. பழைய பதிப்பின் பட்டிக்கோப்புகள் வீட்டுக்கோப்புறையினுள் மறைவாகத் தங்கியிருந்து, புதியவற்றை மறைத்துக்கொண்டு நிற்பதுண்டு. அவற்றை அழிக்க வேண்டுவதில்லை. வேறிடத்துக்குப் பெயர்த்து வைத்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாற் போதும். பட்டி தங்கும் பட்டையே குலைந்திருப்பின், அதன்மேல் வலச்சொடுக்கிப் பட்டியை மீளச் சேர்க்கலாம். அல்லது பட்டையை முதல்நிலைக்கே திருப்பலாம்.

புதிய பயனருக்கும் பட்டி இல்லையாயின் குறை பொதுவிடத்தது. ஒவ்வொரு முகப்பும் தன் பட்டியின் வரையறைக் கோப்புக்குத் தன் பெயரை முன்னொட்டாக இட்டு வைக்கும். உள்நுழையும்போது அம்முன்னொட்டு எதுவென்று நிரல்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். மேம்படுத்தலில் அந்த அறிவிப்போ அந்தக் கோப்போ விடுபட்டால் பட்டி வெறுமையாய்த் திறக்கும். உரிய தொகுப்பை மீள நிறுவினால் அது நிரம்பும். பட்டி முழுதும் இருந்து ஒரு நிரல் மட்டும் காணாதிருப்பின், அதன் பதிவுக்கோப்பைத் திறந்து பார்த்தல் வேண்டும். ‘இன்ன முகப்பில் மட்டும் காட்டுக’ என்றோ ‘காட்டற்க’ என்றோ ஒரு வரி அதில் இருக்கும். அக்கோப்பைத் தன் கோப்புறைக்குப் படியெடுத்து, அவ்வரியை நீக்கினால் நிரல் பட்டிக்குத் திரும்பும்.

பட்டி இருந்து தமிழ் மட்டும் போயிருப்பின் பார்க்க வேண்டியவை மூன்று. தமிழுக்குரிய வட்டார அமைவு கணிப்பொறியில் உருவாக்கப்பட்டுள்ளதா என்பது ஒன்று. மொழிகளின் முன்னுரிமை வரிசையில் தமிழ் தலையில் நிற்கிறதா, ஆங்கிலத்துக்குப் பின்னே தள்ளப்பட்டதா என்பது இரண்டு. உபுண்டுவில் மொழிபெயர்ப்புகள் தனி மொழித்தொகுப்புகளாகப் பிரித்து வழங்கப்படுவதால், மேம்படுத்தியபின் தமிழ்த்தொகுப்பும் வந்து சேர்ந்ததா என்பது மூன்று. மூன்றும் சரியாயிருந்தும் ஆங்கிலமே தோன்றுமாயின், குற்றம் கணிப்பொறியில் இல்லை. அத்தொடருக்குத் தமிழ் எழுத எந்தத் தமிழனும் வரவில்லை என்பதே அதன் பொருள். அந்த இடத்தில் செப்பனிட வேண்டியது இயங்குதளத்தையன்று, தமிழனை!

செய்ய வேண்டுவது

சொல் இல்லையா தமிழில்? செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 1974-இல் பாவாணர் தலைமையில் அமைத்தது. தமிழின் வேர்ச்சொற்கள் எத்துணைக் கிளை விடும் என்பதை அவர் வாழ்நாளெல்லாம் எழுதிக் காட்டினார். வேர் உண்டு; சொல் உண்டு; ஆக்கும் முறை உண்டு. அத்துணையும் பொத்தகப் பேழைக்குள் பூட்டிக்கிடக்க, திரையில் ஆங்கிலம் விரிகிறது. அகரமுதலியில் உள்ள சொல் விதைநெல். பட்டியில் ஏறிய சொல்லே விளைச்சல். நாளொன்றுக்கு நூறு முறை கண்ணிற் படும் சொல் ஓராண்டில் நாவிற் படியும். மேடையில் நூறு பேர் முழங்குவதினும், பட்டியில் ஒரு சொல் அமைவது மிகுதியான பேருக்குத் தமிழைக் கொண்டு சேர்க்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, அரசாணை வேண்டுவதில்லை, நிரல் எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டுவதில்லை. தமிழ் நன்கறிந்து ஆங்கிலத் தொடரின் பொருளுணரும் எவரும் இப்பணிக்கு உரியவர். தமிழாசிரியர் ஒருவரும் கணிப்பொறி அறிந்த மாணவர் இருவரும் சேர்ந்தால் ஒரு காவற்குழு. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் ஆண்டுக்கொரு விழாவெடுத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், ஒரு மன்றம் ஒரு நிரலைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். பதிப்புக்குப் பதிப்பு அதன் ஐயக்குறிகளை நீக்கித் தமிழை முழுமையாக வைத்திருக்கலாம். ஒரு குழு களைத்தால் மறுகுழு தோள் மாற்றலாம். ஒரு முறை மொழிபெயர்த்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு கலைவது பணியாகாது. வேலி ஒரு முறை கட்டினாற் போதும் என்று எண்ணிய உழவனின் மாடு எஞ்சியதில்லை.

அர்கெந்தீனரின் மீட்பை மறுபடியும் எண்ணுக. அவர் பிறர் பறித்ததை மீட்டார். தமிழர் மீட்க வேண்டுவதோ, பிறர் பறிக்காமலே தாம் நழுவவிட்டதை. அவருக்கு இருந்த உரிமைகள் நான்கும் தமிழனுக்கும் உள்ளன, ஒன்றும் குறைவில்லை. சட்டம் தடுக்கவில்லை. படை தடுக்கவில்லை. தில்லி தடுக்கவில்லை. மொழியுரிமைப் போர்களில் தமிழன் எதிர்கொண்ட தடைகளுள் ஒன்றேனும் இக்களத்தில் இல்லை. தடையற்ற களத்திலும் தோற்கும் இனம், தடையுள்ள களத்தில் வெல்வதாக முழங்குவதை யார் நம்புவார்?

அடுத்த பதிப்பு ஆறு திங்களில் வரும். அன்று இரவு மேம்படுத்திக் காலையில் திரையைத் திறக்கும் தமிழ்ச் சிறுமியின் முன்னே விரிவது ‘கோப்பு’ ஆகுமா, ஆங்கிலம் ஆகுமா என்பதை முடிவு செய்வோர் குனோம் திட்டத்தாரும் அல்லர். உபுண்டு நிறுவனத்தாரும் அல்லர். இந்த ஆறு திங்களிலும் தமிழர் விழித்திருந்தனரா, உறங்கினரா என்பதே அதனை முடிவு செய்யும்.

பட்டி தமிழனுடையது. வேலியும் அவனே கட்டுக! காவலும் அவனே இருக்க!